வெள்ளைப் புள்ளி இல்லாத படம்

என் பிரியமான உங்களுக்கு,

முப்பத்தாறு வருஷம் ‘என்னங்க’ என்றே கூப்பிட்டுப் பழகியவளுக்கு, மரியநாதன் என்று பெயரெழுதிக் கடிதம் தொடங்கக் கை வரவில்லை. ‘உங்களுக்கு’ என்று போட்டால் உங்களுக்குப் புரியும். படிக்கிற மற்றவர்களுக்கும் சீக்கிரம் புரிந்துவிடும்.

மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். இது அச்சாகிற கடிதம். நம் பீங்கான் தொழிற்சாலையின் மனமகிழ் மன்றம் வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறதே, அதன் கடைசிப் பக்கங்களில் இறந்தவர்களுக்கு வீட்டார் எழுதுவது உண்டு. நீங்கள் போன பிறகு நான் நான்கு முறை எழுதிவிட்டேன். ‘பிரஸ் பிரிவு ஃபோர்மேன். கடமையில் தேய்ந்து ஓய்ந்த இதயம்’ என்று நாலே வரி. கறுப்புக் கட்டம், உங்கள் படம், பிழையில்லாத தமிழ். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையில்லை என்று கடைசி இரண்டு முறை எழுதும்போது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். இந்த முறை வேறு எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. தொழிற்சாலையில் எண்ணெயில் எரிகிற சூளை ஒன்று புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கொடியில் காயும் துணியில் முன்போல் கரி படிவதில்லை. மணிமுத்தாற்றில் இந்த வருஷம் தண்ணீர் ஓடியது. உங்களிடம் வேலை பார்த்த காசிநாதனின் இரண்டாவது பெண்ணையும் ஸ்ரீமுஷ்ணத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. நம் சேவியர் டெஸ்பாட்ச் ஆபீசில் சீனியர் கிளார்க் ஆகிவிட்டான். உங்களுக்கு இருந்த மாதிரியே முன்னந்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருக்கிறது. உங்கள் மருமகள் ஸ்டெல்லா அதைச் சொல்லிக் கேலி செய்கிறாள்.

போன மாதம் தொழிற்சாலைக்கு எக்ஸ்ரே வண்டி வந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மார்புப் படம் எடுத்தால் ஒரே கேள்விதான்: வெள்ளையா, கறுப்பா? களிமண்ணோடும் கல்பொடியோடும் வேலை செய்கிறவர்களின் நெஞ்சில் தூசி தங்கிப்போனால் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். காசநோயும் வெள்ளையாகத்தான் தெரியும். ஆகவே, கறுப்பு என்றால் தப்பித்தோம் என்று அர்த்தம். நல்ல கறுப்பாக வந்தவன் அன்றைக்குத் தன் பிரிவுக்கு ஜிலேபி வாங்கித் தர வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறியவனும் இல்லை.

சேவியர் அன்று சாயங்காலம் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தான்.

“அம்மா, எனக்குக் கறுப்பு. ஆபீஸ்ல எம்படம்தான் சுத்தக் கறுப்பாம். காசி மாமா பாத்துட்டு, ‘ஒங்கப்பன் படத்த அப்பிடியே காப்பியடிச்சிட்டியேடா’ன்னாரு.”

“மண்டைலதான் முடி இல்ல, நெஞ்சாவது கறுப்பா இருக்குதே,” என்றாள் ஸ்டெல்லா.

அவனும் சிரித்தான். ஒரு ஜிலேபியை என் கையில் வைத்துவிட்டு, வாசலில் நாற்காலியைப் போட்டுச் சிகரெட்டைப் பற்றவைத்தான். ஜிலேபி என் கையிலேயே இருந்தது. பாகு விரலில் வழிந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

உங்கள் முதல் படம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறுபதுகளின் நடுவில், நாம் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காசிநாதன் வீட்டு வாசலுக்கே வந்து சொன்னான்.

“ஐயாவோட நெஞ்சு கரிச்சட்டியாட்டம் இருக்குதுங்கம்மா. பொட்டு வெள்ளையில்ல. எல்லாம் பொகை செஞ்ச வேலை. தூசிய அறுக்கறதுக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு வெல்லம், இல்லன்னா பொகை.”

“அப்ப வெல்லம் தின்னவன்லாம் மடையனாடா?” என்று நீங்கள் கேட்டீர்கள்.

“அவனுக்குச் சர்க்கரை வந்ததுதாங்க மிச்சம்,” என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உங்கள் பிரஸ் பிரிவில் தூசியே குறைவு, களிமண் கரைசலிலிருந்து தண்ணீரைப் பிழிகிற ஈர வேலை என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. இல்லாத தூசியை அறுக்கத்தான் நீங்கள் அவ்வளவு காலமும் புகை பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதில் என் பங்கைச் சொல்ல வேண்டும். இந்த ஊருக்கு வந்தபோது நீங்கள் பிடித்தது பீடி. வேலை முடிந்ததும் ஆட்களோடு உட்கார்ந்து இரண்டு, எப்போதாவது மூன்று. எனக்கு அந்த வாசம் ஆகாது. கூலிக்காரர்களின் வாசம் என்று அப்போது சொன்னேன். அந்த வார்த்தைக்கு இப்போது வெட்கப்படுகிறேன். ஃபோர்மேன் வீட்டில் பீடி நாறக் கூடாது என்று நானே கடைக்குப் போய்ச் சிகரெட் டின் வாங்கி வந்தேன். காலையில் உங்கள் காப்பிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சாசரில் ஆறு சிகரெட் வைப்பேன். ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. அளவு என் கையில் இருந்ததால் பழக்கமும் என் கைக்குள் இருக்கிறது என்று நினைத்தேன். விருந்தாளிகள் முன்னால் அந்தச் சாசர் பார்க்க நேர்த்தியாக இருந்தது என்பதும் உண்மை. இரண்டு பீடியை ஆறு சிகரெட்டாக்கியவள் நான்தான்.

பிறகு நீங்கள் நடுவழியில் நிற்கத் தொடங்கினீர்கள்.

உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுவீர்கள், செய்தித்தாள் படிப்பீர்கள், காசிநாதனைத் திட்டுவீர்கள். மார்க்கெட்டுக்கு நடந்தால் மட்டும் இரண்டு தெரு தாண்டியதும் சினிமா போஸ்டர் ஒட்டிய ஒரு சுவரைப் பார்த்து நின்றுவிடுவீர்கள்.

“நேத்திக்குப் பாத்த அதே போஸ்டர்தானே? இன்னைக்கு என்ன புதுசா ஒட்டியிருக்கு?”

“கதாநாயகி பேரு மறந்துபோச்சி, பிலோ. படிச்சிட்டு வரேன்.”

அம்பத்தைந்து வயதில் இது என்ன பைத்தியம் என்று எனக்கு ஆத்திரம் வரும். கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, நிமிர்ந்து நட, நடுத்தெருவில் நிற்காதே என்பது. நான் நிற்காமல் போய்விடுவேன். நீங்கள் பின்னால் வந்து சேர்வீர்கள். ஒரு முறைகூட, மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரிந்துதானா?

ஒரு தடவை உங்கள் உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்து நானே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அதையும் எழுதிவிடுகிறேன், என்னைப் பற்றி எழுத அந்த ஒரு நல்லதாவது இருக்கிறது. பெரிய படம் எடுத்தார்கள். இசிஜி எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்கின் முன் பிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாருங்கம்மா, ஹார்ட்டு எவ்வளவு சின்னதா, ஒல்லியா இருக்குது. பெருத்துப்போன ஹார்ட்டுதான் தொந்தரவு. நுரையீரல்ல ஒரு புள்ளி இல்ல. இசிஜியும் நல்லாத்தான் இருக்குது. வயசாவுதில்ல, காலைல கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லுங்க.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். படுத்திருக்கும் மனிதரிடம் எடுத்த இசிஜி, நிற்கும் மனிதரிடம் எடுத்த படம். நடக்கும் மனிதரை அவர் பார்க்கவில்லை. பார்த்தவள் நான். எனக்கோ எதுவும் எழுத்தில் வேண்டும். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு உங்களை எழுப்பி ஆற்றங்கரை வரைக்கும் நடக்க வைத்தேன். வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் சாசரில் முதல் சிகரெட் காத்திருக்கும்.

இனி எழுதப் போவது எனக்குக் கஷ்டம். ரெஜினாவின் கல்யாணத்துக்குக் கடலூர் கிளம்பிய காலை. என் தங்கை மகள், டாக்டருக்குப் படித்தவள், நம் குடும்பத்தில் முதல் டாக்டர். கோயிலில் பூசை தொடங்கும் முன் அங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி அடுத்த பிளாட்பாரத்தில் நின்றிருந்தது. மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். நான் பட்டுப்புடவையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தால் நீங்கள் கீழேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அங்கே பார்க்க போஸ்டரும் இல்லை.

“நீ போ பிலோ. நான் வரேன்.”

“வண்டி போயிடும்.”

“வரேன்னு சொல்றன்ல.”

வரவில்லை. எஞ்சின் ஊதியது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. கைப்பையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். படியில் ஆட்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“டாக்டர் ஒண்ணும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு. என் தங்கச்சி வீட்டுக்கு வர உங்களுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லிட்டுப் போங்களேன், எதுக்கு இந்த வேஷம்?”

ஒரு போர்ட்டர் நின்றார். “அம்மா, ஐயாவ மொதல்ல ஒக்கார வைங்க. மொகம் ஒரு மாதிரியா இருக்குது,” என்றார்.

“உங்க வேலையைப் பாருங்க. அவருக்கு ஒண்ணும் இல்லை,” என்றேன்.

நான் மேலே போய்ப் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டேன். இறங்கி வரவில்லை. வண்டி என் காலுக்குக் கீழே புகையை விட்டுக்கொண்டு போனது. அது போன பிறகும் நான் இறங்கவில்லை. அப்போது நீங்கள் ஏறத் தொடங்கினீர்கள். போன வண்டிக்காக எதற்கு ஏறினீர்கள்? நான் மேலே நின்றுகொண்டிருந்ததால்தானே? அத்தனை படிகளையும் நிற்காமல் ஏறி வந்து என் பக்கத்தில் நின்றீர்கள். கால் மணி நேரம் உங்களால் வாய் பேச முடியவில்லை. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு நானும் பேசவில்லை. அடுத்த வண்டியில் போய்ச் சேர்ந்தபோது ரெஜினா கழுத்தில் தாலி ஏறியிருந்தது. ‘உங்க பெரியப்பாவுக்குப் போஸ்டர் பார்த்தது போதலை’ என்று தங்கை வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிக்க வைத்தேன். நீங்களும் அங்கே உட்கார்ந்து சிரித்தீர்கள்.

அடுத்த வருஷம் உங்கள் கால் வீங்கியது. ஷூ பிடிக்கிறது என்றீர்கள். நான் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஷூவைப் பெரிதாக்கி வாங்கி வந்தேன். பிறகு வயிறு உப்பியது. பிறகு கட்டிலில் தலையணையை அடுக்கி வைத்துச் சாய்ந்துதான் தூங்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். இதயம் செயலிழந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. இதயம் என்றால் கௌரவமான சாவு. அதைத்தான் ‘கடமையில் தேய்ந்து ஓய்ந்த இதயம்’ என்று அலங்காரம் செய்தேன்.

ரெஜினா இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவுக்கு வந்திருந்தாள். இப்போது அவள் மதராஸில் நெஞ்சு நோய் பார்க்கிறாள். நான் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழுப்பு உறையில் இருந்த உங்கள் பெரிய படம் கீழே விழுந்தது. அவள் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இது யாரு படம், பெரியம்மா?”

“பெரியப்பாவோடது. நல்ல படம். ஒரு புள்ளி இல்லை.”

அவள் படத்தின் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் விரலால் மெதுவாகக் கோடு இழுத்தாள்.

“புள்ளி இல்லதான். ஆனா இங்கேர்ந்து ரத்தக் குழாய் மரக்கிளை மாதிரி பிரிஞ்சி பிரிஞ்சி இந்த ஓரம் வரைக்கும் போகணும். மெல்லிசா, வெள்ளை வெள்ளையா தெரியும். பெரியப்பாவுக்குப் பாதியிலேயே நின்னுடுது. இவ்வளவு கறுப்பு நல்லதில்ல, பெரியம்மா. பெரியப்பா சிகரெட் பிடிப்பாங்கல்ல?”

“ஒரு நாளைக்கு ஆறு. அதுக்கு மேல நான் விட மாட்டேன்.”

“ஆறு போதும். வருஷக்கணக்கா பிடிச்சா அந்தப் புகை சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் கெடுத்துடும். சுவர் தடிச்சி உள்ள வழி சுருங்கிப்போகும். சிலது இல்லாமலே போயிடும்.”

“ஆனா ஹார்ட் சின்னதா நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னாரே?”

“ஹார்ட்டு மேல முதல்ல தப்பே இல்ல. உடம்பு பூரா சுத்தி வந்த ரத்தத்த ஹார்ட்டோட வலது பக்கம்தான் நுரையீரலுக்கு அனுப்புது. அங்க காத்து வாங்கிக்கிட்டு அது இடது பக்கத்துக்கு வரணும். வழி சுருங்கிப்போனா இடது பக்கத்துக்கு வர வேண்டிய அளவு வராது. பாதி ரொம்பின சொம்ப எவ்வளவு வேகமா சாய்ச்சாலும் பாதி சொம்புதானே? சின்னதா இருக்குதுன்னு சந்தோஷப்பட்டீங்க. ரொம்பாததாலதான் அது சின்னதா இருந்துச்சி.”

“அப்படின்னா உட்கார்ந்திருந்தா எதுவும் தெரியாதே, எப்படி?”

“உக்காந்திருக்கிற உடம்புக்குப் பாதி சொம்பு போதும். படி ஏறினா நாலு சொம்பு கேக்கும். குடுக்க முடியாது. அப்ப மூச்சு இரைக்கும். காத்து உள்ள போகுது பெரியம்மா, அத வாங்கிக்கறதுக்கு ரத்தம் அந்தப் பக்கம் போக முடியல. கடைசில வலது பக்கம் அழுத்தி அழுத்திக் களைச்சிப்போகும். அப்பதான் கால் வீங்கும். நான் ஒரு படத்த மட்டும் வச்சிச் சொல்றேன், எல்லாம் இதுதான்னு சத்தியம் பண்ண முடியாது.”

அவள் சொன்னது முழுக்க விளங்கியதாக நான் காட்டிக்கொண்டேன். உண்மையில் விளங்கியது மறுநாள், உங்கள் பிரஸ் நினைவுக்கு வந்தபோதுதான். நீங்கள் ஒரு முறை என்னை உள்ளே அழைத்துப் போய்க் காட்டினீர்களே. தண்ணீராகக் கரைத்த களிமண்ணைப் பம்பு தள்ளுகிறது. வரிசையாக இறுக்கிய தட்டுகளுக்கு நடுவே துணி. மண் துணியில் தங்கி, தண்ணீர் மட்டும் கசிந்து அந்தப் பக்கத்துத் தொட்டியில் விழுகிறது. துணி அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பாது, பம்பு முனகும். புதிதாக வந்தவன் பம்பைத்தான் கழற்றுவான். “பம்ப ஏண்டா நோண்டற, போய்த் துணியப் பாரு,” என்று நீங்கள் அதட்டுவீர்கள். தினமும் அதைச் சொன்ன மனிதரின் நெஞ்சுக்குள் துணி அடைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் பம்பைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

ரெஜினா அன்று கடைசியாக ஒன்று கேட்டாள்.

“பெரியப்பா படி ஏறும்போது நடுவுல நிப்பாங்களா?”

நான் இல்லை என்றேன்.

“நிஜமாவா? என் கல்யாணத்தன்னைக்கு லேட்டா வந்தீங்களே?”

“நாங்க ஸ்டேஷனுக்கு வந்ததே லேட்.”

அவள் படத்தை உறைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டாள். நான் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். சேவியர் அப்போது வாசலில்தான் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் அடுத்த கேள்வி கேட்பான்: அப்பா நின்றதை நீங்கள் பார்க்கவில்லையா? பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பார்த்து என்ன செய்தீர்கள்? மேம்பாலத்தைச் சொல்ல வேண்டும். என் மகன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. ஃபோர்மேன் வீட்டம்மா என்று ஊரில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்காக இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைவிடச் சுற்றி வளைக்காமல் எழுத எனக்குத் தெரியவில்லை.

ஜிலேபி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நானும் ஸ்டெல்லாவும் நடந்து வருகிறோம். சேவியர் எங்களைத் தாண்டிச் சைக்கிளில் போனான். ரயில்வே கேட்டுக்கு ஏறுகிற இடத்தில் இறங்கித் தள்ளினான். கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு நின்றான். அது ஒரு ஏற்றமே இல்லை, நான் மூச்சு விடாமல் ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஏறுகிற இடம்.

“ஏன் நிக்கிற?”

“செயினு லூசா இருக்குதும்மா. அதான்.”

குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது. விரலில் எண்ணெய் ஒட்டியது. அவன் வேறு பக்கம் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும், “சிகரெட்டை விட்டுடு,” என்றேன்.

“திடீர்னு என்னாத்துக்கு?”

“அப்பாவை அதுதான் கொண்டுபோச்சு.”

“அப்பாவுக்கு ஹார்ட்டுன்னு நீங்கதான வருசா வருசம் மலர்ல எழுதறீங்க? எனக்குப் படம் கறுப்பு. எனக்கு ஒண்ணும் இல்ல.” பிறகு, “அப்பிடியே சிகரெட்டுதான்னாலும், சாசர்ல எண்ணி வச்சது யாரு? என்னையச் சொல்ல வந்துட்டீங்க,” என்றான்.

“ஏங்க, அத்தைகிட்ட இப்பிடியா பேசறது?” என்றாள் ஸ்டெல்லா.

“பொய்யா சொல்லிட்டேன்? அவங்களையே கேளு.”

பொய்யில்லை என்று சொன்னேன். உள்ளே போய்க் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாயால் முடியாததை என் கையெழுத்து எப்போதும் செய்துவிடும். மலருக்கு வருகிற எழுத்துகளை வாங்கி அச்சகத்துக்கு அனுப்புவது இந்த வருஷம் சேவியரின் பொறுப்பு. அவன் படிக்காமல் இது அச்சுக்குப் போக முடியாது. அதற்காகவே இப்படி எழுதினேன்.

இதுவரை எழுதியதை முந்தாநாள் காலை அவன் கையில் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தான். அவன் படித்து முடிக்கும்வரை நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். மேம்பாலம் வருகிற பக்கத்தைத் திருப்பியும் படித்தான். ஸ்டெல்லா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறி ஏடு படிந்துவிட்டது.

“இத மலர்ல போடணுமா?”

“போடணும்.”

“காசி மாமா படிப்பாரு. ஃபாதர் படிப்பாங்க. ஊரே ஒங்களப் பேசும்மா.”

“பேசட்டும். ஆபீஸ்ல இன்னும் எத்தனை பேர் கறுப்புப் படத்தை வச்சிக்கிட்டு ஜிலேபி தின்னுறாங்களோ.”

அவன் காகிதங்களை ஓரம் பார்த்து அடுக்கினான். அடுக்கினதையே மறுபடியும் அடுக்கினான். ஸ்டெல்லா அடுக்களைக்குப் போனதும் சொன்னான்.

“எனக்கும் மூச்சு வாங்குதும்மா.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

ரெஜினா அந்தப் படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாளே, அதே இரண்டு வருஷம். அவனுக்கு அது தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. தோன்றியிருந்தாலும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அன்றைக்கே ரெஜினாவுக்கு எழுதிப் போட்டேன், நீங்கள் மேம்பாலப் படியில் நின்ற கதையையும் மறைக்காமல். கெட்டுப்போன குழாய் திரும்பி வராது, சிகரெட்டை விட்டால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். சேவியரிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ தெரியவில்லை. மதராஸுக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். ஆனாலும் நேற்றுச் சாயங்காலம் வாசல் பக்கமிருந்து சிகரெட் வாசம் வந்தது. இந்தக் கடிதத்தில் நல்ல முடிவு ஒன்றை ஜோடித்து எழுதி உங்களை ஏமாற்ற மாட்டேன். அவன் விட்டுவிடுவான் என்று எனக்கு நிச்சயம் இல்லை.

நான் செய்யக்கூடியதை மட்டும் உங்களுக்கு வாக்காகக் கொடுக்கிறேன். இனி உயிரோடு இருக்கும்வரை தினமும் அவனிடம், மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். உங்களிடம் ஒரு நாளும் கேட்காத கேள்வி அது. கேட்டுவிட்டு, அவன் சொல்கிற பதிலை நம்புவேன்.

உங்கள் மனைவி, சேவியரின் அம்மா,
பிலோமினா
விருத்தாசலம்